சங்கத் தேர்தலும் சம்பள நேரமும்

(ஹட்டனில் தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேச ஹட்டனை விடப் பொருத்தமான ஊர் இல்லை. 1931ஆம் ஆண்டு கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் சங்கக்காரன் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வரும். அதனால்தான் நடேசய்யர் புடவை வியாபாரியாக மூட்டை சுமந்து தோட்டத்துக்குள் போனார் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய நேரத்துக்கு யாரும் சம்பளம் போடவில்லை.

இன்று சங்கத்துக்குக் காரியாலயம் இருக்கிறது, வேன் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது, மாதச் சம்பளம் வாங்கும் பிரதிநிதிகளும் கிளாக்கர்மாரும் சாரதிகளும் இருக்கிறார்கள். அப்படி இருப்பது நல்லதே. வழக்குப் பேச, கணக்குப் பார்க்க, தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் எழுத முழுநேர ஆள் வேண்டும். நான் பேச வந்த விஷயம் வேறு. சங்கத்துக்குள்ளேயே தேர்தல் வருகிறது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். சங்கத்தின் சம்பளத்தில் இருக்கும் பிரதிநிதி அந்த ஒரு மாதம் யாருக்காக நடக்கிறார்? அவர் நடந்த நடைக்குக் கூலி கொடுத்தது யார்? நடந்தது தவறென்று தோற்றவர் சொன்னால் அவர் எங்கே போவார்? இந்தக் கேள்விகளை நம் மேடைகளில் யாரும் கேட்பதில்லை. தேர்தல் முடிந்த பிறகு தேநீர்க்கடையில் கேட்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கி வைப்போம். தொழிற்சங்கத் தேர்தல் என்றால் இரண்டு வகை. ஒன்று, எந்தச் சங்கத்துக்கு ஆள்பலம் அதிகம் என்று பார்க்கும் வாக்கெடுப்பு. 1999ஆம் ஆண்டு கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தளத்தில் 40 சதவீதத் தொழிலாளரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச்சு நடத்த முதலாளி மறுக்க முடியாது. அந்த எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் தொழில் ஆணையாளர் பார்த்துக்கொள்வார். இந்தியாவில் 2024 டிசம்பரில் ரயில்வே ஊழியர் சங்கங்களுக்கு நடந்த இரகசிய வாக்கெடுப்பும் இந்த வகைதான். அதில் நடுவர் உண்டு, விதி உண்டு. மற்றது, ஒரே சங்கத்துக்குள் யார் தலைவர், யார் செயலாளர் என்று தீர்மானிக்கும் தேர்தல். அங்கே நமக்கு நடுவர் கிடையாது. நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது? 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நமக்கு அடிப்படை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது, கணக்கு எப்படி வைப்பது என்பதற்கெல்லாம் சங்கத்தின் யாப்பில் விதி இருக்க வேண்டும். சங்கப் பணத்தில் நிர்வாகிகளுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் கொடுக்கலாம். அந்தச் சம்பளம் வாங்குகிறவர் சங்கத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வேலை செய்தால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒவ்வொரு சங்கமும் தன் யாப்பில் எழுதிக்கொள்ளட்டும் என்று சட்டம் விட்டுவிட்டது போலிருக்கிறது. நாம் எழுதிக்கொள்ளவில்லை.

இது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 1948ஐ நினைவூட்டுகிறேன். 1947 பொதுத் தேர்தலில் மலையகத்தில் இருந்து ஏழு பேர் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் மக்களின் பிரஜாவுரிமை போனது, அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பிறகு மலையகச் சங்கத் தலைவர் ஒருவர் மக்கள் வாக்கில் வென்று பாராளுமன்றத்துக்குள் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் வென்ற வருஷம் அது. நடுவில் கிடந்த அந்தக் காலம் முழுக்க நம் பாட்டன் பாட்டிகளுக்கு எதற்காவது கை தூக்கும் உரிமை இருந்ததென்றால், அது சங்கத்தில்தான். தோட்டத் தலைவரைத் தெரிவு செய்தது ஒன்றே அவர்களுடைய வாக்கு. நாட்டின் தேர்தலுக்கு ஆயிரம் விதி வகுத்திருக்கிறோம். அந்த ஒரே வாக்குக்கு விதி வகுக்க மறந்துவிட்டோம்.

இப்போது தோட்டத்துக்குள் வருவோம். ஒரு உதாரணம் சொல்கிறேன், தோட்டத்தின் பெயர் வேண்டாம். மாவட்டக் காரியாலயத்தில் இருந்து பிரதிநிதி ஒருவர் சங்க வேனில் வருகிறார். நிறை குறைந்ததென்று பதினைந்து பெண்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும், போட்ட பிரச்சினை. தோட்டத்தை நடத்தும் துரையோடு ஆபீசில் பேசுகிறார், பிரச்சினை தீர்கிறது. திரும்பும் வழியில் தொழிலாளர் வசிக்கும் லயத்துப் பக்கம் வண்டியை நிறுத்துகிறார். “பார்த்தீங்களா, தலைவர் சொல்லித்தான் ஓடி வந்தேன். மாநாட்டுக்குப் பேராளர் தெரிவு வருது. நம்ம தலைவரை விட்டுடாதீங்க” என்கிறார். பத்து நிமிஷப் பேச்சு. இது சங்க வேலையா, தேர்தல் வேலையா?

அதே வாரம் எதிர்த்து நிற்பவரின் ஆதரவாளர் ஒருவர் அதே தோட்டத்துக்கு வர வேண்டும். அவரும் தொழிலாளிதான், பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வேலை நாளில் வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போகும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கைக்காசு போட்டு வந்து சேர்கிறார். பெண்கள் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆண்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். யாரிடம் பேசுவார்?

பெண்கள் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். சங்கச் சம்பளத்தில் வேனில் வருபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் மாவட்டக் காரியாலயத்தில் போய் எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் தோட்டத் தலைவிப் பதவிக்கு மேலே போட்டியிட நினைத்தால் அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கு, பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவம், அதற்குப் பின் அடுப்படி. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பிரசாரத்துக்குப் போனால் அன்றைய பேரோடு கணக்கு முடிவதில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை ஞாபகம் வைத்திருப்பீர்கள். அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140 ரூபாய். மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தால்தான் அந்த 140 கிடைக்கும். சங்க வேலைக்காகவோ தேர்தலுக்காகவோ சில நாள் நின்று அந்த 75க்குக் கீழே விழுந்தவருக்கு, வேலை செய்த நாட்களின் 140உம் சேர்த்துப் போனது. 2019 ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. பதவியில் இருப்பவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் நேரத்தை எதிர்த்து நிற்கும் தொழிலாளி தன் அடுப்பில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார். போட்டி தொடங்கும் முன்பே அங்கே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது சங்கத்தின் சம்பளம். இதை விட ஆபத்தானது தோட்டத்தின் சம்பளம். தோட்டத் தலைவர் சங்க விஷயமாகத் துரையைப் பார்க்கப் போகிறார், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அவருக்குப் பேர் போடுகிறார்கள். இது தொழிலாளரின் நியாயமான உரிமை. 1971இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தொழிலாளர் பிரதிநிதிகள் பற்றிய 135ஆம் சமவாயத்தை ஏற்றது, இலங்கை அதை 1976இல் ஏற்றுக்கொண்டது. அதோடு வந்த 143ஆம் சிபாரிசு, பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான நேரத்தைச் சம்பள இழப்பில்லாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் நாம் 1972இல் ஏற்ற 98ஆம் சமவாயமும் இருக்கிறது. முதலாளி பணமோ வேறு உதவியோ கொடுத்து ஒரு சங்கத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் இரண்டாவது உறுப்புரை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகும். அரைப்பேர் பிரச்சினை பேசப் போன நேரத்துக்குத் துரை பேர் போடலாம், போடவும் வேண்டும். பேராளர் தெரிவுக்கு ஆள் சேர்க்கப் போன நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் போடக் கூடாது.

ஏன் இதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்? யாருக்குப் பேர் போடுவது என்பது கணக்கப்பிள்ளையின் பேனாவிலும் துரையின் வாயிலும் இருக்கிறது. தனக்கு வசதியான தலைவர் வெளியே போன நாளெல்லாம் முழுப்பேர் போட்டு, கேள்வி கேட்கும் தலைவருக்கு மட்டும் சட்டம் பேசினால், அந்தத் தோட்டத்தில் சங்கத் தலைவரைத் தெரிவு செய்வது கம்பனிதான். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் கை தூக்கி முறையாக நடந்தது போலவே இருக்கும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியான பிறகுதான், சங்கங்களோடு பேசித் தீர்க்கும் ஏழு அம்ச உடன்படிக்கைக்குத் தோட்ட முதலாளிமார் இறங்கி வந்தார்கள். அப்படி வாங்கிய உரிமையைச் செக்ரோல் புத்தகத்தின் ஓரத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

மூன்றாவதாக அரசாங்கச் சம்பளம். நம் சங்கத் தலைவர்கள் பலர் அமைச்சர்களாகவும் இருந்தார்கள், இருப்பார்கள். 1978இல் தொண்டமான் அமைச்சரானதில் இருந்து இது மலையக அரசியலின் வழக்கமாகிவிட்டது. அமைச்சரானால் இணைப்புச் செயலாளர், அமைச்சு வாகனம், அமைச்சு டெலிபோன் எல்லாம் வரும். அவை பொதுமக்களின் வரிப்பணம். இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சங்கத் தேர்தல் வேலைக்கு அவை வரக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தத் தகராறுகளை நாம் இதுவரை எப்படித் தீர்த்தோம்? ஒரே வழியில்தான். பிரிந்து போனோம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்குள் தொண்டமானுக்கும் அப்துல் அஸீஸுக்கும் தலைமைப் போட்டி முற்றி, 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்தது. 1965இல் வி. கே. வெள்ளையன் வெளியேறித் தொழிலாளர் தேசிய சங்கத்தை உண்டாக்கினார். 1989இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். இவற்றுக்கெல்லாம் கொள்கைக் காரணங்கள் இருந்தன, ஆள் காரணங்களும் இருந்தன. அஸீஸ் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர், அவருடைய சங்கம் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பக்கம் போனது, தொண்டமானின் சங்கம் எதிர் முகாமில் இருந்தது. ஆகவே சம்பள நேரத் தகராறால்தான் எல்லாம் உடைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்து போராடி ஒரு தேர்தலை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் இத்தனை பலகைகள் இந்த ஹட்டன் டவுனில் தொங்கியிருக்காது. காரியாலயம், வேன், பிரதிநிதி, அங்கத்தவர் பட்டியல் எல்லாம் பதவியில் இருப்பவர் கையில். தேர்தல் பிழையென்று முறையிட்டால் அந்த முறைப்பாட்டை விசாரிப்பவரும் அவரே நியமித்தவர். நீதிமன்றம் போனால் அடுத்த தேர்தல் வந்தாலும் தவணை முடியாது. பிறகு வெளியேறுவதைத் தவிர வேறு வழி என்ன? அதற்கு விலை கொடுத்தது தலைவர்கள் அல்ல. ஒரு லயத்தில் ஆறு குடும்பம் மூன்று சங்கத்துக்குச் சந்தா கட்டியது. 40 சதவீதம் காட்டி மேசையில் உட்கார வேண்டிய இடத்தில் நாம் சிதறி நின்றோம்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. சங்கத் தேர்தலில் எந்த வேட்பாளரையும் முன்னிறுத்தச் சங்கப் பணத்தையோ முதலாளி பணத்தையோ செலவழிக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சங்கம் சம்பளம் கொடுக்கும் நேரமும் சங்கப் பணம்தான் என்று அந்நாட்டுத் தொழில் திணைக்களம் விளக்கம் எழுதியது. சம்பள நேரத்தில் பிரசாரம் செய்யக் கூடாது. அதே சமயம், சங்க வேலையாகப் போன இடத்தில் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னால் அது குற்றமில்லை. நம் பிரதிநிதியின் பத்து நிமிஷப் பேச்சு இந்த இரண்டாவதில் அடங்கிவிடலாம். ஆனால் அரைப்பேர் பிரச்சினை ஒரு சாக்கு, உண்மையில் பேராளர் பட்டியலுக்காகத்தான் வேன் வந்தது என்றால் முதலாவதில் போய் விழும். எதற்காக வண்டி கிளம்பியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே விதி இருந்தும் இரத்தம் சிந்தியது. 1969இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டோனி பாய்லை எதிர்த்து ஜோசப் யாப்லான்ஸ்கி நின்றார். நிற்கப் போவதாக அறிவித்ததும் அவர் வகித்த சங்கப் பொறுப்பைப் பறித்தார்கள். சங்கத்தின் பத்திரிகையும் பணமும் ஆட்களும் பாய்ல் பக்கம் வேலை செய்தன. யாப்லான்ஸ்கி தேர்தலுக்கு முன்பே தொழில் திணைக்களத்திடம் முறையிட்டார். தேர்தல் முடிந்து, சங்கத்துக்குள் முறையிட்டுப் பார்த்த பிறகுதான் தலையிடுவோம் என்றார்கள். டிசம்பரில் தேர்தல் நடந்தது, பாய்ல் வென்றதாக அறிவித்தார்கள். அந்த மாதத்தின் கடைசி இரவில் யாப்லான்ஸ்கியையும் மனைவியையும் மகளையும் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். பின்னால் அந்தக் கொலைக்காகப் பாய்லே தண்டிக்கப்பட்டார். 1972இல் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்துச் செய்தது. அரசாங்க மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் ஆர்னல்ட் மில்லர் என்ற சாதாரணச் சுரங்கத் தொழிலாளி வென்றார்.

அந்தக் கதையில் நமக்கு வேண்டியது கொலை அல்ல, தாமதம். நடுவர் இருந்தார், ஆனால் எல்லாம் முடியும் வரை வெளியே நின்றார். காலம் கடந்து வரும் நடுவரை வைத்து நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு வழக்கு நம் எதிர்த்தரப்பு நண்பர்களுக்காக. பதவியில் இருப்பவர்தான் எப்போதும் திருடன், சீர்திருத்தம் பேசுபவர் எப்போதும் யோக்கியன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1996இல் லாரிச் சாரதிகளின் பெரிய சங்கமான டீம்ஸ்டர்சில் ரான் கேரி வென்றார். அந்தச் சங்கத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் என்று பெயர் எடுத்தவர். அடுத்த ஆண்டு மேற்பார்வை அதிகாரி அந்தத் தேர்தலை ரத்துச் செய்தார். சங்கப் பணத்தைச் சுற்று வழியில் அவருடைய பிரசாரத்துக்கே திருப்பியிருந்தார்கள். மறுதேர்தலில் நிற்கவே அவருக்குத் தடை விதித்தார்கள். சீர்திருத்தக்காரருக்கும் விதி வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த அனுபவங்களில் இருந்து நமக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? அமெரிக்கச் சட்டத்தை அப்படியே தூக்கி வந்து மஸ்கெலியாவில் நட முடியாது. அங்கே அரசாங்கமே வழக்குப் போடுகிறது. இங்கே தொழில் திணைக்களத்துக்குச் சங்கங்களின் உள்வீட்டுத் தேர்தலில் இறங்க ஆசையும் இல்லை, இறங்கினால் அரசாங்கக் கட்சிக்காரச் சங்கம் என்ன செய்யும் என்ற பயம் நமக்கும் இருக்கிறது. 1995இல் இலங்கை ஏற்ற 87ஆம் சமவாயம், சங்கம் தன் பிரதிநிதிகளைச் சுதந்திரமாகத் தெரிவு செய்யலாம், அதில் அரசு கைவைக்கக் கூடாது என்கிறது. ஆகவே நடுவர் வெளியில் இருந்து வர வேண்டும், ஆனால் நாம் கூப்பிட்டு வர வேண்டும். ஓய்வு பெற்ற தொழில் நியாயசபைத் தலைவர், ஓய்வு பெற்ற தொழில் அதிகாரி, நம் சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு சட்டத்தரணி என மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வேட்புமனு வாங்கும் முன்பே, எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டு நியமித்துவிட வேண்டும். யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நியமித்தால் அந்த மூன்று பேரைப் பற்றியே ஒரு தேர்தல் நடக்கும்.

அவர்கள் கையில் என்ன இருக்கும்? முதலில் சாட்சி. எல்லாத் தகராறும் இங்கேதான் செத்துப்போகிறது. பிரதிநிதி எந்தத் தோட்டத்துக்கு எப்போது வந்தார், எதற்கு வந்தார் என்ற விவரம் காரியாலயத்தில் இருக்கிறது. காரியாலயம் பதவியில் இருப்பவரிடம் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண் அதை எப்படி நிரூபிப்பாள்? ஆகவே வேட்புமனு நாளில் இருந்து வாக்கு எண்ணும் நாள் வரை, சங்கச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் தினக்குறிப்பு எழுத வேண்டும். வேனுக்கு ரன்னிங் சார்ட் எழுத வேண்டும். எந்தத் தோட்டம், என்ன பிரச்சினை, யாரைக் கண்டார், எத்தனை மணிக்குப் போனார் என்ற விவரத்தோடு தோட்டத் தலைவரோ தலைவியோ கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தரப்பும் வாரம் ஒரு முறை அதைப் பார்க்கலாம். புத்தகம் எழுதப்படவில்லை என்றால், அந்த நேரம் பிரசாரத்துக்குப் போனதாகவே நடுவர் எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்டும் பொறுப்பு காரியாலயத்துக்கு. இது கடுமை என்று சிலர் சொல்வார்கள். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓட்டல் தொழிலாளர் வழக்கொன்றில், விதிமீறல் நடந்தது என்று காட்டினாலே அது முடிவைப் பாதித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்று காட்டுவது மற்றத் தரப்பின் வேலை என்றது. அந்தக் கடுமையில் ஒரு பங்குகூட நான் கேட்கவில்லை. புத்தகம் எழுதச் சொல்கிறேன்.

பிரசாரம் செய்ய விரும்பும் பிரதிநிதி சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாராளமாகச் செய்யட்டும். அவரும் மனிதர், அவருக்கும் ஒரு தலைவரைப் பிடிக்கும். நானும் பல வருஷம் ஒரு சங்கக் காரியாலயத்தில் சம்பளம் வாங்கியவன். மேலிடத்தில் இருந்து டெலிபோன் வந்தால் மறுக்க முடியாத நிலை எனக்குத் தெரியும். இந்த விதி அந்த ஊழியரைத்தான் முதலில் காப்பாற்றும். “யாப்பில் இப்படி இருக்குங்க ஐயா, லீவு போட்டுட்டுத்தான் போகணும்” என்று சொல்ல அவருக்கு ஒரு தாள் கிடைக்கும்.

தடை மட்டும் போட்டால் போதாது. வேலை நாளில் பேர் இழந்து பேச வரும் வேட்பாளருக்கு என்ன வழி? தோட்டத்தோறும் ஒரு மாலைக் கூட்டத்தைச் சங்கமே ஒழுங்கு செய்யட்டும். எல்லா வேட்பாளரும் ஒரே மேடையில் பேசட்டும், ஒரே வேனில் வரட்டும். தோட்டத்தில் இருந்து போட்டியிடுகிற தொழிலாளிக்கு, ஆணோ பெண்ணோ, குறிப்பிட்ட சில நாட்களுக்கு இழந்த பேரைச் சங்க நிதியில் இருந்து கொடுக்கட்டும். அங்கத்தவர் பட்டியல் எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைக்கட்டும். செலவு அதிகம் என்பார்கள். பிரிந்து போன ஒவ்வொரு தடவையும் சங்கம் இழந்த சந்தாவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வேகமாக வர வேண்டும். முறைப்பாடு தேர்தலுக்கு முன் என்றால் ஒரு வாரத்துக்குள், பின் என்றால் இரண்டு வாரத்துக்குள். சிறு மீறலுக்குச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வைத்து, எதிர்த்தரப்புக்கு அதே அளவு நேரம் கொடுத்தால் போதும். எத்தனை வாக்கு வித்தியாசம், எத்தனை தோட்டத்தில் மீறல் என்று பார்த்து, முடிவு மாறியிருக்கக் கூடும் என்றால் அந்த மாவட்டத்துக்கு மட்டும் மறுதேர்தல். வேட்பாளருக்கே தெரிந்து, அவர் சொல்லி நடந்தது என்றால் மட்டும் தகுதி நீக்கம். எடுத்ததற்கெல்லாம் தேர்தலை ரத்துச் செய்தால் தோற்கிற ஒவ்வொருவரும் முறைப்பாட்டோடு வருவார்கள், நடுவர் முறையே நாறிப்போகும்.

இதையெல்லாம் இப்போது ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், 2021க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவதையும் நிறுத்தின. முன்பெல்லாம் அங்கத்தவரின் சந்தா மாதாமாதம் தானாக வந்து பிரதிநிதியின் சம்பளமானது. அதோடு அந்த வாய்க்கால் அடைபட்டுவிட்டது. கையால் சந்தா சேர்க்க முடியாத சங்கத்தில் பிரதிநிதியின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்? கொடுக்கிற அந்த ஒருவரே தேர்தலிலும் நின்றால், பிரதிநிதி யாருடைய ஆள்? சந்தா நின்றதைச் சங்கத்தின் பணக்கஷ்டம் என்று மட்டும் பார்க்கிறோம். பிரதிநிதி உங்களுடைய ஆளாக இருப்பதும் அதோடு நின்றுபோகலாம்.

ஆகவே இங்கிருந்து போகும்போது ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள். வாசகம் இதுதான்: “சங்கத்தின் உள்தேர்தலில் எந்த வேட்பாளருக்காகவும் சங்கமோ தோட்ட நிர்வாகமோ அரசாங்கமோ சம்பளம் கொடுக்கும் நேரத்தையும் வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது, பிரசாரம் செய்ய விரும்பும் ஊழியர் சம்பளமில்லா விடுமுறை பெற வேண்டும், இது பற்றிய முறைப்பாடுகளை வேட்புமனுவுக்கு முன் நியமிக்கப்படும், அங்கத்தவரல்லாத மூவர் விசாரித்து, தேர்தலுக்கு முன் என்றால் ஒரு வாரத்துக்குள்ளும் பின் என்றால் இரண்டு வாரத்துக்குள்ளும் தீர்ப்பளிப்பர்.” எந்தச் சங்கத்தில் இருந்தாலும், காங்கிரசோ தேசிய சங்கமோ முன்னணியோ செங்கொடிச் சங்கமோ, உங்கள் தோட்டக் கமிட்டியில் இதை நிறைவேற்றி மாவட்ட சபைக்கு அனுப்புங்கள். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே அனுப்புங்கள். வேட்புமனு வாங்கிய பிறகு அனுப்பினால், யாரோ ஒருவருக்கு எதிரான தீர்மானம் என்று சொல்லிக் குப்பையில் போடுவது சுலபம்.